வலிக்கு மூன்று மொழி

என் அக்காவின் கணவர் ரஷ்ய மொழியிலுள்ள தாவரவியல், மருத்துவ, சுற்றுச்சூழல் சொற்களை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்பவர். ஏதோ ஒரு பாசியின் பெயர் பிடிபடவில்லை என்று பதிப்பகத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தவர். சாப்பாட்டு மேசையை அகராதிகள் விழுங்கிவிட்டதால் அக்கா அடுப்பங்கரையில் நின்றபடியே சாப்பிடுவாள். எவ்வளவு பெரிய மூளை என்று ஊரே மெச்சியது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டிலும் அவருக்கு அதே வேலைதான். வயிறு வலிக்கிறது என்று அக்கா சொன்னால் போதும், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கிவிடுவார்.

"வலின்னா என்ன வலி? குத்துதா, எரியுதா, இழுக்குதா? ரஷ்யன்ல ஒவ்வொண்ணுக்கும் தனி வார்த்தை இருக்கு. பொத்தாம்பொதுவா சொல்லாத."

அவளும் யோசித்து யோசித்துப் பதில் சொல்வாள். பொருத்தமான சொல் கிடைத்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பாக வேலைக்குத் திரும்பிவிடுவார். ஒரு மாத்திரை வாங்கித்தர அவருக்குத் தோன்றியதே இல்லை. நாளடைவில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். வலி நின்றுவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

போன வாரம் குளியலறையில் சுருண்டு விழுந்தவளை நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவரும் பின்னாலேயே வந்தார். டாக்டர் அவரைத்தான் கேட்டார்.

"எப்பலேருந்து வலி? எந்த மாதிரி வலின்னு சொன்னாங்களா?"

மூன்று மொழிக்காரர், "வலின்னா..." என்று இழுத்தார். கட்டிலில் கிடந்த அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"அவரைக் கேக்காதீங்க டாக்டர். சரியான வார்த்தையா தேடுவாரு. அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்."