கற்பூரத்துக்கு ஒரு பெர்மிட்

உசிலம்பட்டிக்கு மேற்கே, சோளக்காடுகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பம்ப் நிலையம். குழாய் வழியே வரும் கச்சா எண்ணெயை அடுத்த நிலையம் வரை தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. அங்கே பாதுகாப்பு அதிகாரி நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். பொறியியல் முடித்துவிட்டுத்தான் நின்றேன். யாராவது கேட்டால் இதைச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

செல்போனையும் தீப்பெட்டியையும் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுவோம். சட்டைப் பையில் ஒரு பீடியை மறந்து வந்த லாரி டிரைவரை நிற்கவைத்து அரை மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட இடத்தில், ஆயுத பூஜையன்று மட்டும், ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் காலடியில் கற்பூரம் ஏற்றி, பூசணிக்காய் உடைப்பது வழக்கம். அந்த ஐந்து நிமிடத்துக்கு விதிகளுக்கு மட்டும் விடுமுறை.

நான் சேர்ந்த வருடம், பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், கூடாது என்றேன். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பம்ப் ஓட்டுகிற ஆபரேட்டர் அண்ணன் கோபப்படவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வேணாம்னா விட்ருவோம் பாப்பா. ஆனா இந்த வருசத்துல ஒரு நட்டு கழண்டாலும் ஒம் பேருதான் அடிபடும், பாத்துக்க."

உண்மைதான். பூஜையை நிறுத்திய பெண் என்று பேர் வந்துவிட்டால், அதற்குப் பிறகு ஹெல்மெட் போடுங்கள் என்றுகூட நான் யாரிடமும் சொல்ல முடியாது. பயந்துவிட்டேன். படித்தவள் அல்லவா, பயத்தை வெளியே காட்டாமல் ஒரு படிவத்தை எடுத்தேன். நிலையத்துக்குள் வெல்டிங் போல நெருப்பு சம்பந்தப்பட்ட எதற்கும் பெர்மிட் வேண்டும். வேலையின் தன்மை: கற்பூரம் ஏற்றுதல். கருவிகள்: தட்டு ஒன்று, மணி ஒன்று. முன்னெச்சரிக்கை: தீயணைப்பான் இரண்டு, மணல் வாளி நான்கு. இதைப் படித்தால் மேலாளருக்கே வெட்கமாகிவிடும் என்பது என் கணக்கு.

மேலாளர் ஒரு வரி விடாமல் படித்தார். "இம்புட்டு முறையா எந்த வருசமும் செஞ்சதில்லம்மா" என்று மனம் நெகிழ்ந்து கையெழுத்துப் போட்டார். பூசணிக்காயையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

மிச்சம் இருந்தது ஒரே கட்டம்: எரிவாயுச் சோதனை. அதில் கையெழுத்துப் போட வேண்டியது நான். பூஜையன்று காலை வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் பரப்பி, எல்லோரும் குளித்து விபூதி பூசி நின்றார்கள். காற்றில் எரியும் ஆவி கலந்திருந்தால் அலறுகிற கேஸ் மீட்டரோடு நான் போனேன். தினமும் அந்தச் சோதனையை பம்ப் ஷெட் வாசலில் நின்றபடியே முடித்துவிடுவார்கள். தினமும் பூஜ்யம்தான் வரும், நானும் தினமும் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்றைக்குக் கற்பூரம் பம்பின் காலடியில் என்பதால் அங்கே குனிந்தேன். எண் கொஞ்சம் ஏறினால் தேவலை என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டதையும் மறைக்கவில்லை.

ஏறியது. மீட்டர் அலறியது.

ஒருவரும் அசையவில்லை. நான் ஏதோ பொத்தானை அமுக்கிவிட்டேன் என்றே நினைத்தார்கள்.

"நெனச்சதச் சாதிச்சுட்டியே பாப்பா" என்றார் ஆபரேட்டர் அண்ணன்.

எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் ஏறவில்லை. மீட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே பிடிச்சுப் பாருங்கண்ணே."

வாசலில் பிடித்தார், சத்தமில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். பம்பின் காலடியில் குனிந்தார், அலறியது. கையை, பம்பைச் சுழற்றும் தண்டின் பக்கம் நகர்த்த நகர்த்தச் சத்தம் கூடியது. சிரிப்பு போய்விட்டது. "அம்புட்டுப் பேரும் வெளிய போங்க" என்றார். ஏற்றாத கற்பூரத் தட்டோடு முதலில் வெளியேறியவர் மேலாளர்தான். அண்ணன் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடிப் பம்பை நிறுத்தி, இரண்டு பக்கத்து வால்வையும் மூடினார். அடுத்த நிலையத்துக்கு நான் அங்கிருந்த மேசை போனில் சொன்னேன். பிறகு பிரித்துப் பார்த்தபோது, தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் அடைத்திருந்த சீல் விரிந்து, மூடிக்கு அடியில் எண்ணெய் வியர்வைபோலக் கசிந்திருந்தது.

மத்தியானம் கேட்டுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம் கற்பூரம் ஏற்றினார்கள். பெர்மிட் முறையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சாமியே காட்டிக் கொடுத்தது என்றார் மேலாளர்.

"காட்டுனது சாமிதான். ஆனா யாரு கையால காட்டுச்சுன்னு பாக்கணும்ல" என்றார் ஆபரேட்டர் அண்ணன். "பாப்பாவுக்குக் கைராசி."

இரண்டு பஸ் மாறி, மதுரையைத் தாண்டி ஒத்தக்கடைப் பக்கம் கல்லூரிக்கு நான்கு வருடம் போய்ப் படித்ததெல்லாம் இப்போது கைராசி. மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், நாளையிலிருந்து ஷிப்டு தொடங்குமுன் நானே வந்து பம்பின் அடியில் மீட்டரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். அதுவரை என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை மீட்டரை அவரிடமே கொடுத்து, அடிவரை குனிந்து பிடிக்கச் சொன்னேன். நான் பக்கத்தில் நின்றாலே கைராசி வேலை செய்யும் என்று ஆங்கிலத்தில் ஏதோ படித்ததுபோல உறுதியாகச் சொன்னேன். குனிந்தார். படித்த பெண் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.