ஒருமுறைதான் ஊற்றலாம்

எங்கள் கோயிலில் வாரம் ஒரு மாலை ஆதித் திருச்சபையின் சிந்தனைகளைப் பற்றி வகுப்பு நடக்கும். மேட்டுப்பாளையம் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து அப்படியே போய் உட்காருவேன். அந்த வாரம் ஆன்மா எங்கிருந்து வருகிறது என்று பாடம். ஒவ்வோர் உடலுக்கும் கடவுளே புதிதாக ஓர் ஆன்மாவைத் தருகிறார் என்றார்களாம் சிலர். இல்லை, உடம்பைப் போல ஆன்மாவும் பெற்றவர்களிடமிருந்துதான் வருகிறது, கூடவே ஜென்மப் பாவமும் வருகிறது என்றார்களாம் வேறு சிலர். ஞானஸ்நானம் இல்லாமல் சாகும் பச்சைக் குழந்தையின் கதி என்ன என்று அன்றே தவித்திருக்கிறார்கள். நான் கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே என் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளுக்கு அப்படியே என் மூக்கு. மூக்கு வந்திருக்கிறதென்றால் மற்றதும் வந்திருக்குமே என்று பயந்தேன். என் முன்கோபம், நான் சொன்ன பொய்கள் எல்லாவற்றையும் அந்தத் துளியூண்டு உடம்பில் ஏற்றிவிட்டேனோ? கடவுளின் இரக்கத்தை நம்புங்கள் என்றுதான் பங்குச் சாமியார் வகுப்பை முடித்திருந்தார். பயத்துக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.

உயிருக்கு ஆபத்தென்றால் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் ஆயுளுக்கு ஒருமுறைதான். மனைவியிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

“எம்புள்ள செத்துடும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?” என்று சீறினாள். “தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவ பொழைச்சி வருவா. கோயில்ல வச்சி ஊத்திக்கலாம்.”

எங்கள் வீடுகளில் ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஊற்றினால் பிள்ளையைக் கைகழுவிவிட்டதாகத்தான் அர்த்தம். உண்மையைச் சொன்னால், அவள் சீறியது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் மதியம், “இப்ப எதையும் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். எனக்கு உள்ளே போக ஐந்து நிமிடம் கிடைத்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் காலி சொட்டு மருந்து பாட்டிலில் அடைத்துச் சட்டைப்பைக்குள் ஒளித்து எடுத்துப்போனேன். வில்லியனூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, இந்துப் பெண், பார்த்தும் பார்க்காததுபோல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பெட்டியின் துவாரத்தில் கையை விட்டு, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரை முணுமுணுத்தபடி தலையில் மூன்று சொட்டு விட்டேன். குழந்தை வெடுக்கென்று உதறியது. மிஷின் அலறியது. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

நர்ஸ் ஓடிவந்து குழந்தையின் காலைப் பிடித்துப் பார்த்தாள். “வயர் நழுவிடிச்சி சார், பயப்படாதீங்க. நேத்து அக்கா ஊத்தறப்பவும் பாப்பா இப்பிடித்தான் ஒதறிச்சி.”

“எந்த அக்கா?”

“உங்க வீட்டு அக்காதான், பாப்பாவோட அம்மா. பால் கொண்டாந்தப்ப. நீங்க பயந்துடுவீங்க, சொல்லாதன்னாங்க. நான் வேற ஒளறிட்டேன்.”

இரண்டாம் முறை ஊற்றியது தப்பு என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. என் மகள் பிழைப்பாள் என்று உறுதியாக நம்பியிருந்தது ஒரே ஓர் ஆள். இப்போது அந்த ஆளுக்கும் நம்பிக்கை இல்லை. குழந்தை தேறி வீட்டுக்கு வந்ததெல்லாம் பிறகு. அன்று அது யாருக்குத் தெரியும்?

வெளியே பெஞ்சில் இருந்தவள் நிமிர்ந்து, “எப்பிடி இருக்கா?” என்றாள்.

“நல்லா இருக்கா. ஒண்ணும் ஆவாது” என்றேன். என் குரலை நம்பி அவள் தலையாட்டினாள்.