வாடாமல்லிப் பட்டில் பதினாறு துண்டு

கதிரேசன் முதன்முதலில் பார்த்தபோது ஜஹீதா தரையில் மண்டியிட்டு, தையல் மெஷினுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மந்தைவெளியில் மாடி அறை வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பெட்டியோடு வந்து நின்றவனை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மிதிக்காத தம்பி, அந்தப் பச்சை மேல நிக்கிற."

காலைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு விரல் அகலத்தில் ஒரு ரவிக்கைத் துணித் துண்டு.

கீழே முன்னறையில் அவர் கணவர் கரீமுல்லா பாயின் பிளவுஸ் கடை, பின்னால் வீடு. வாணியம்பாடியில் பிறந்து, பதினெட்டு வயதில் இங்கே வாழ வந்தவர் ஜஹீதா. முப்பது வருஷமாகக் கொக்கி வைப்பதும் ஹெம்மிங் செய்வதும் அவர் வேலை. அதெல்லாம் கடைக்கு. தன் ஆசைக்கென்று அவர் செய்தது ஒன்றுதான்: வெட்டி மிஞ்சிய பிட்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது.

சனிக்கிழமை கடையைப் பெருக்கும்போது கரீமுல்லாவே அந்த வாரத்துப் பிட்டுகளைக் கட்டைப்பையில் அள்ளி உள்ளே எறிவார். "இந்தா, உன் சொத்து." வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டிய பெரிய துண்டுகளும் அதில் கிடக்கும். யாராவது வந்து கேட்டால் மிச்சமில்லை என்று சொல்லிவிடுவார். தேடி எடுக்க அவருக்குச் சோம்பல். மாடிப்படி ஏறும்போது கதிரேசன் எத்தனையோ சனிக்கிழமை இதைப் பார்த்திருக்கிறான்.

கட்டிலுக்கு அடியில் மூன்று போர்வைகள் அரைகுறையாகக் கிடந்தன. ஒன்று, மகள் மஹ்விஷ் பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்தது. அதற்கு ஒரு மஞ்சள் இன்னும் வந்து சேரவில்லை. எந்த மஞ்சளும் ஆகாது, மாம்பழத் தோல் வாடும்போது வருகிற மஞ்சள்தான் வேண்டும். இன்னொன்று முழுக்க லைனிங் துணியின் வெள்ளை. வெள்ளையில் பதினோரு வகை உண்டு என்று வரிசையாக வைத்துக் காட்டினார். கதிரேசன் கண்ணுக்கு மூன்றுதான் தெரிந்தது. மூன்றாவது, தங்கை மகள் கல்யாணத்துக்கென்று தொடங்கியது. அவளுக்கு விவாகரத்தே ஆகிவிட்டது. "அதுக்கு இன்னா, அடுத்த கல்யாணத்துக்கு ஆவும்," என்று சொல்லிச் சிரிப்பார்.

மஹ்விஷுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன இடத்தில் சம்பந்தி ஜைதூன் பீ கேட்டாள்: "மஹ்விஷ், உங்கம்மா கையில எதுனா ஒண்ணு முடிஞ்சதா கீதா?" பத்துப் பேர் சிரித்தார்கள். ஜஹீதாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து நான்காவது போர்வையைத் தொடங்கினார். நாற்பதாம் நாள் பேரனை அதில் படுக்க வைத்தே தீருவது என்று பிடிவாதம். பதினாறு நட்சத்திரங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் வாடாமல்லிப் பட்டில் ஒரு சதுரம், அதில் ஜரிகை மாங்காய்.

முப்பத்தாறாம் நாள், ஒரு திங்கட்கிழமை காலை, ஓரத்தில் ஒரு சாண் தையல்தான் பாக்கி. கதிரேசன் பார்த்து அசந்துபோனான். அவன் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன். திறமையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் அவனுக்குப் பொறுக்காது.

"கடைச் சுவத்துல மாட்டுவோம்க்கா. நாலு பேரு பாக்கட்டும்."

"வேணாம் தம்பி. கடைக்கு வர்றவங்க துணிதானே எல்லாம் இதுல கீது."

"இந்த நறுக்குல யாரு வந்து அடையாளம் கண்டுபிடிக்கப் போறாங்க?"

அவனே ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்தான். மாட்டிவிட்டு இறங்கி, எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கையில் தமிழ்நிலா வந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் கல்யாண ரவிக்கையை இங்கே தைத்தவள். குழந்தை பெற்ற பிறகு அது கைக்கு அடியில் பிடித்தது. ஒட்டுக் கொடுக்க அதே துணி வேண்டுமென்று போன வாரம் கேட்டிருந்தாள். ஒரு இஞ்சு மிச்சமில்லை என்று கரீமுல்லா சத்தியம் பண்ணியிருந்தார்.

"பாய், அது இன்னாது?"

"அது வேற துணிம்மா."

"என் பட்டு எனக்குத் தெரியாதா? வியாழக்கிழமை என் தம்பிக்குக் கல்யாணம். நா இன்னாத்தப் போட்டுக்கினு அந்தப் பொடவயக் கட்றது?"

அளவு கொடுக்க வந்த இன்னொரு பெண் போர்வையை உற்றுப் பார்த்தாள். "நம்ம எல்லாரும் பாய் வூட்டுச் சுவத்துல தொங்கினு கீறோம் போல!"

கரீமுல்லா முகம் கறுத்தது. "ஏய், வெளிய வா," என்று உள்ளே பார்த்துக் கத்தினார். ஜஹீதா வந்து நின்றதும் அவரைக் கையால் சுட்டிக் காட்டினார். "இவகிட்ட இருந்து துணியக் காப்பாத்தறதே எனக்குப் பொழப்பாப் போச்சும்மா. திருட்டுக் கை. கட்டிலுக்கு அடியில இன்னும் மூணு கெடக்குது, வேணும்னா வந்து பாருங்க."

ஜஹீதா கணவரைப் பார்த்தார். பிறகு சுத்தியலோடு நின்ற கதிரேசனைப் பார்த்தார். சனிக்கிழமை தோறும் நீங்கள்தானே பாய் எறிவீர்கள் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. இந்த வாடகைக்கு மந்தைவெளியில் இன்னொரு அறை கிடைக்காது. புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கெதற்கு? சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

"ஆமா, நாந்தான் எடுத்தேன்," என்றார் ஜஹீதா.

"அப்ப பிரிச்சுக் குடுங்க," என்றாள் தமிழ்நிலா.

"நாலே நாள் பொறுத்துக்கம்மா. பேரனுக்கு வெள்ளிக்கிழமை நாப்பது. ஒரு தபா அவனைப் படுக்க வெச்சிட்டு நானே நூல் பிரிச்சுத் தரேன்."

"வியாழக்கிழமை கல்யாணம்னு சொல்றேன், வெள்ளிக்கிழமை தராங்களாம்!"

கரீமுல்லா நூல் பிரிக்கவெல்லாம் நிற்கவில்லை. வெட்டுக் கத்தரியை எடுத்தார். "இழுத்துப் புடி," என்று பெண்டாட்டியிடம் சொன்னார். ஜஹீதா இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்தார். முதல் நட்சத்திரத்தில் கத்தரி இறங்கியது. பதினாறாவது முடியும்வரை அவர் பிடியைத் தளர்த்தவில்லை. நடுவில் துணி ஒரு முறை சுருங்கியபோது, "ஒழுங்காப் புடிடி," என்று திட்டு வாங்கினார்.

தமிழ்நிலா துண்டுகளை மேஜைமேல் பரப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. "இத வெச்சிக்கினு மூக்குதான் சிந்தணும்," என்றாள். தி. நகரில் மேட்சிங் துணி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, பதினாறையும் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நாற்பதாம் நாள் ஜஹீதா கரடி படம் போட்ட கடைப் போர்வை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். ஜைதூன் பீ அதை விரித்து, நாலு ஓரத்தையும் தடவிப் பார்த்தாள். "கடைல வாங்கினதா? அதான பாத்தேன், முழுசா முடிஞ்சிருக்கேன்னு." இந்த முறை ஜஹீதா சிரிக்கவில்லை.

இப்போதும் அவர் அதே வீட்டில்தான் இருக்கிறார். காலை பத்து மணிக்குக் கடையில் உட்கார்ந்து கொக்கி வைக்கிறார். கட்டிலுக்கு அடியில் கிடந்த மூன்றையும் கரீமுல்லா குப்பை வண்டியில் போட்டுவிட்டார். ஓட்டை விழுந்த பேரன் போர்வை மட்டும் நான்காக மடிந்து இஸ்திரி மேஜைமேல் விரிப்பாகக் கிடக்கிறது. கதிரேசன் இன்னும் மாடியில்தான் குடியிருக்கிறான். படியில் எதிர்ப்பட்டால் ஜஹீதா ஒதுங்கி வழி விடுகிறார். தம்பி என்று கூப்பிடுவதில்லை.