வடகத்துக்குப் பக்கத்தில் நீர்நாய்

கம்போடியாவிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த நீர்நாய் எச்சப் பொட்டலத்தைப் பிரித்தேன். கருவாட்டு வாசனை குப்பென்று அடித்தது. கூட இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் நினைவில் சத்தியமங்கலத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளில் எங்கள் மேல்வீட்டில் ஓர் ஆராய்ச்சி மாணவி குடியிருந்தார். பவானி ஆற்றுப் பாறைகளில் பொறுக்கிய எச்சத்தைத் தாள்களில் பரப்பி, அம்மாவின் வடகத்துக்குப் பக்கத்திலேயே காயவைப்பார்.

"ஏனுங்க அம்மணி, திங்கற சாமானத்துக்குப் பக்கத்துல இதையா போடறீங்க?" என்றாள் அம்மா.

"நீர்நாய் என்ன மீன் தின்னுச்சுன்னு இதுல இருக்கற முள்ளுதானுங்க அக்கா சொல்லும். அது தெரிஞ்சாத்தான் அதைக் காப்பாத்த முடியுமுங்க."

அம்மா முனகிக்கொண்டே வடகத்தைத் தள்ளி வைத்தாள்.

ஒரு நாள் அவர் ஆற்றுக்குப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நானும் அம்மாவும் மாடிக்கு ஓடினோம். நான் வடகத்தை அள்ளப் போனேன்.

"அதை உடு கண்ணு! வடகம் நாளைக்கும் போட்டுக்கலாம். அந்தப் புள்ள பொறுக்கியாந்ததுக்கு எங்க போறது? தாளு ஒண்ணோட ஒண்ணு கலந்துறாம எடு!"

அம்மா ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வடகம் கரைந்து ஓடியது. எத்தனை முறை துவைத்தும் அந்த முந்தானையில் கருவாட்டு வாசனை போகவே இல்லை.

மற்றவர்களுக்கு இது நீர்நாய் எச்சம். எனக்கு அம்மாவின் சேலை வாசனை.