பெயர் ஒரு பக்கம், டிகிரி ஒரு பக்கம்

நானும் சி என்ற கம்ப்யூட்டர் மொழியும் எழுபதுகளில் பிறந்தவர்கள். அதற்கு மட்டும் இன்னும் மரியாதை இருக்கிறது. எம்.சி.ஏ. படித்த எனக்கு, மரக்காணம் உப்பள ஆபீஸில் பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கிற வேலை.

இன்று காலை ஆபீஸ் வாசலில் அந்தோணி நின்றிருந்தார். உப்பு வாருவதற்குத் தயாராக இருந்த அவர் பாத்தியில், கம்ப்யூட்டர் லிஸ்டைப் பார்த்துப் புதுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். உப்பெல்லாம் கரைந்து போயிருக்கிறது.

"என் பாத்தியில டிகிரி கம்மின்னு கம்ப்யூட்டர் சொல்லிச்சாம் சார். நேத்து நானே எறங்கிப் பாத்தேன், கால்ல குத்துது உப்பு."

உள்ளே போய் ப்ரோகிராமைப் பார்த்தேன். முதலாளியின் மச்சான் எழுதியது. பெயர்களுக்கு ஒரு அரே, அதாவது ஒரு வரிசை; பாத்தி நீரின் உப்படர்த்தியைச் சொல்லும் டிகிரிக்கு இன்னொரு அரே. வரிசைப்படுத்தும்போது டிகிரியை மட்டும் இடம் மாற்றியிருக்கிறான். பெயர்கள் அசையவில்லை. யாரோ வாரி முடித்த வெறும் பாத்தியின் குறைந்த டிகிரி, அந்தோணி பெயருக்கு நேராக உட்கார்ந்துவிட்டது.

போன சீசனிலேயே மேனேஜரிடம் சொன்னேன்: "பேரையும் டிகிரியையும் ஒரே ஸ்ட்ரக்சர்ல வச்சு, அந்த ஸ்ட்ரக்சருக்கு ஒரு அரே போடுங்க. இடம் மாறினாலும் சேர்ந்தே மாறும்."

"அதான் ஓடுதுல்ல சார், விடுங்க" என்றார்.

இன்றும் அதையேதான் சொன்னார். கூடவே, "கை வச்சா மச்சான் கோச்சுக்குவாருங்க."

வெளியே வந்தேன். அந்தோணி கேட்டார்: "அப்ப நாளைக்கு யாரு பாத்தி சார்?"

இந்தப் பக்கம் பாத்தி வைத்திருக்கும் நண்பர்களே, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மடையை விட்டு நகராதீர்கள்.