வயலில் நட்ட சிவப்புக் கொடி

என் கையெழுத்தைப் படிக்கச் சிரமப்படுவீர்கள், மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே ர, எங்கே ற என்று இன்றும் தடுமாறுகிறேன்.

வேதாரண்யம் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பயிர் செய்துவந்தேன். நிலக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. பொங்கலுக்குப் புதுநெல் மூட்டையை அவர் வீட்டில் இறக்கினால் அந்த வருஷமும் வயல் எனக்கு.

மழை ஏமாற்றிய ஒரு மார்கழியில், டவுன் பள்ளிக்கூடத்து வேன் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். பருவநிலை மாற்றத்தை வகுப்பில் சொன்னால் தூங்குகிறார்கள், வயலில் காட்டலாமா என்று வாத்தியார் கேட்டார். தலையாட்டினேன்.

பேனா போன்ற ஒரு கருவியை வாய்க்காலிலும் வயலிலும் முக்கிப் பார்த்தார்கள். உப்பு அதிகம் காட்டிய இடத்தில் சிவப்புக் கொடி நட்டார்கள். ஒரு பெண் தண்ணீரை நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"சார், கடல் தண்ணி மாதிரியே இருக்கு."

"அப்ப அங்கிள் வீட்டுச் சோத்துக்கு உப்பே போட வேணாம்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாளைக்கு அடுத்த வகுப்பு வரும், கொடி இருக்கட்டும் என்றார் வாத்தியார். விட்டுவிட்டேன்.

வயலில் கொடி என்றால் எங்கள் ஊருக்குத் தெரிந்தது எண்ணெய்க் கிணற்று சர்வேதான். சாயங்காலம் பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்றார்.

"என்னய்யா, கெணறு தோண்ட எழுதிக் குடுத்துட்டியா?"

"இல்லங்க, பள்ளிக்கூடப் புள்ளைங்க நட்டது."

"புள்ளைங்க நட்டதாம். பைப்பு வந்தப்பறம் பாப்போம்."

மறுநாளே சிங்கப்பூரிலிருந்து போன்.

"வயல்ல சர்வே எடுக்குறாங்களாமே?"

"சர்வே இல்லண்ணே. உப்பு இருக்கான்னு பாத்தாங்க."

"உப்பு ஏறிடுச்சா?"

"கொஞ்சம்."

அவர் போனை வைத்துவிட்டார். எண்ணெய்க் கிணறு என்றே நம்பியிருந்தால்கூட நிலத்துக்கு விலை ஏறும் என்று காத்திருந்திருப்பார்.

பொங்கலுக்கு மூட்டையோடு போனேன். அவர் மச்சான் வாசலிலேயே நிறுத்தினார்.

"எறக்காதப்பா. மாமா எறால் குட்டைக்குக் குடுத்துட்டாங்க. உப்புல நெல்லு எதுக்குன்னு கேக்குறாங்க."

அந்தக் குட்டைக்குத்தான் இப்போது நான் காவல். இன்று அதே வேன் வந்தது, வேறு பிள்ளைகளோடு. வாத்தியார் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நல்லதாப் போச்சுண்ணே, நீங்க இங்கயே இருக்கீங்க. முன்னாடி இங்க நெல்லு இருந்துச்சுன்னு பசங்களுக்குச் சொல்லுங்க."

"ஏன் அங்கிள் நெல்லு போடறத விட்டுட்டீங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வாத்தியாரே சொன்னார்: "பருவநிலை மாற்றம். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். அவர் சொன்னது பொய்யில்லை. கடல் உள்ளே வந்தது உண்மைதான். ஆனாலும் அந்த உப்போடு இன்னும் நாலைந்து வருஷம் நான் நெல் போட்டிருப்பேன். கொடியைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதினேன்.

மாசி ஒன்பது, வியாழக்கிழமை.