அழுகிப்போன சாமந்தி

செஞ்சி கடைவீதியில் பூக்கட்டும் அஞ்சலாட்சிக்குக் கொரோனாவின் போக்கு பூக்கடையிலேயே பிடிபட்டுவிட்டது. சித்திரையில் மாஸ்க் இல்லாமல் கூடிக் களித்த கல்யாணங்களுக்கு மாலை கட்டிய அதே கை, மூன்றாவது வாரம் அதே தெருக்களுக்குச் சாவு மாலை கட்டிக் கட்டி ஓய்ந்துபோனது.

தை மாதம் மறுபடி அலை என்றார்கள். முகூர்த்தம் முடிந்த மூன்றாவது வாரம், சாவு மாலைக்கென்று இரண்டு மூட்டை சாமந்தி இறக்கிவைத்தாள். ஆனால் இந்தத் தடவை ஊர் ஊசி போட்டு, மாஸ்க் மாட்டி, கல்யாணத்தை வீட்டு ஆட்களோடு முடித்திருந்தது. மாலை கேட்டு ஒருத்தரும் வரவில்லை.

"அத்தனையும் அழுவிப்போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் புருஷன் ஏகாம்பரம்.

"வாயக் கழுவுய்யா!" என்று சீறியவள், தெருவில் போகிறவர்களை மலைத்துப்போய்ப் பார்த்தாள். "இந்த மாலையெல்லாம் விழவேண்டிய கழுத்து எது எதுன்னு தெரியல. ஆனா எல்லாம் அதோ நடந்து போவுது பாரு!"